ஏழாம் மாதத்துக் கைகள்

கரிசல் காட்டுப் பேச்சில் ‘வலி’ என்னும் ஒற்றைச் சொல்லோடு எவரும் நின்றுவிடுவதில்லை. காலில் வருவது உளைச்சல். மூட்டில் வருவது குடைச்சல். வயிற்றில் வருவது கடுப்பு. பழுக்கப்போகும் கட்டியில் விண்விண்ணென்று தெறிப்பு. உணர்வு குன்றுவதற்கும் இப்படியே. சம்மணமிட்டு நெடுநேரம் இருந்து எழுந்தால் கால் மரத்துப்போகும். பல் மருத்துவர் ஊசி போட்ட கன்னம் மதமதவென்றிருக்கும். எறும்பு ஊர்வது போலிருந்தால் விறுவிறுப்பு. இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் இம்மண்ணின் பேச்சுச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியே தொகுத்தார் என்றால், தொகுக்கும் அளவுக்கு இங்கே சொல் விளைந்து கிடந்தது என்றுதானே பொருள்?

இத்தனை சொல் இருந்தும், வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி “கை மரத்துப்போகுது” என்று சொன்னால் கிடைக்கும் மறுமொழி மட்டும் ஒன்றே ஒன்றுதான்: “பெத்தா சரியாப் போகும்.” தாய் சொல்கிறாள், மாமியார் சொல்கிறாள், பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள், சில வேளைகளில் மருத்துவரும் அதையே சொல்லி அடுத்த சீட்டைக் கூப்பிடுகிறார். இந்த மறுமொழியில் உண்மை எவ்வளவு, ஆறுதல் எவ்வளவு, தட்டிக்கழிப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை. நாம் மருத்துவர் அல்லோம். தமிழ் இலக்கியம் படித்து, கல்லூரியில் அதையே பாடம் சொல்லிப் பிழைக்கிறோம். ஆயினும் நம் வீட்டிலேயே இரண்டு தலைமுறைக் கைகளை அருகிருந்து பார்க்க நேர்ந்ததால் இதை எழுதத் துணிகிறோம்.

நம் அக்கா மகள் தலைச்சன் பிள்ளைக்காகச் சென்ற ஆண்டு தாய்வீடு வந்திருந்தாள். இருபத்து நான்கு வயது. கோவில்பட்டியை அடுத்த ஒரு கரிசல் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே ஒரு தீப்பெட்டி ஆபீசில் அடைப்பு வேலைக்குப் போய்வந்தவள். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சொல்: இந்த வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, எத்தனை சிறிய கொட்டகையானாலும் அது ஆபீஸ்தான்.

ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. இடது கையில் வளையல்கள் ஏறிவிட்டன. வலது கையில் ஏறவில்லை. வளையல்காரர் பழகிய மனிதர். சோப்பைக் குழைத்துத் தடவி, கட்டைவிரல் மேட்டை உள்ளே மடக்கி, விரற்கணுக்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிசைந்து, ஒரு கையால் இழுத்து மறுகையால் வளையலை நகர்த்தும் வித்தை அவருக்குத் தெரியும். அன்று அவரும் பாதியில் நிறுத்திவிட்டார். “புள்ளைக்குக் கை ரொம்ப ஊதியிருக்கு. இந்த அளவு வேண்டாம், பெரிசாப் பாப்போம்” என்றார். மணப்பலகையில் இருந்தவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அன்றிரவு நம்மிடம் சொன்னாள்: “மாமா, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்புத் தட்டிருது. கை எங்கையாவே இல்ல. நாலு உதறு உதறுனாத்தான் உசுரு வருது. சுண்டுவெரல் மட்டும் நல்லா இருக்கு.”

அக்கா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார்: “உன்னைய வயித்துல வச்சிருந்தப்ப எனக்கும் இப்படித்தான். பெத்தா சரியாப் போகும்.”

அடுத்த முறை மகப்பேறு பரிசோதனைக்குப் போனபோதும் மகள் இதைச் சொல்லியிருக்கிறாள். நீர் கோத்திருக்கிறது, எல்லோருக்கும் வருவதுதான் என்று கூறி அனுப்பிவிட்டார்கள். அது பொய்யில்லை. கர்ப்ப காலத்தில், குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், உடலில் நீர் தேங்குவது இயல்பே. ஆனால் இயல்பானது என்பதும் தாங்கிக்கொள்ளத்தக்கது என்பதும் ஒரே பொருளுடைய சொற்கள் ஆகா. இரவில் மும்முறை எழுந்து கையை உதறும் பெண்ணுக்கு, பகலில் டம்ளர் கைநழுவி விழும் பெண்ணுக்கு, இயல்பு என்ற சொல்லால் என்ன பயன்? கோவில்பட்டியில் பெண் இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் தாயையும் மகளையும் அழைத்துப் போனோம்.

அவள் சொன்னதையெல்லாம் கேட்ட அவர், கடைசியில் சொன்ன சுண்டுவிரலைத்தான் பிடித்துக்கொண்டார். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி என்று இவை மட்டும் மரத்து, சுண்டுவிரல் தப்பினால், அது பெரும்பாலும் மணிக்கட்டில் நெருக்கப்படும் ஒரே நரம்பின் முறையீடு என்று விளக்கினார். கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்பது அதன் பெயர். மணிக்கட்டுக் குகை நோய் என்று தமிழில் சொல்லலாம்.

குகை என்பது பொருத்தமான சொல்லே. மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் இரு வரிசையாக நின்று ஒரு வாய்க்காலைப் போல் வளைந்திருக்கின்றன. அந்த வாய்க்காலின் மேல்வாயைத் தடித்த நார்ப்பட்டை ஒன்று குறுக்கே மூடுகிறது. இந்த இடுக்கான வழியினூடே விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், அவற்றோடு நடுநரம்பும் உள்ளங்கைக்குள் நுழைகின்றன. சுண்டுவிரலுக்குரிய நரம்போ இந்தக் குகைக்கு வெளியே தனிவழியில் போய்விடுகிறது. எலும்பு விரியாது, பட்டை எளிதில் நெகிழாது, உள்ளே நீர் சேர்ந்து தசைநாண்களின் உறை சற்றே உப்பினாலும் நசுங்குவது நரம்புதான். கரிசலில் வானம் தோண்டி வீடெழுப்பிய கொத்தனார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரிசல் மண் மழைநீரைக் குடித்து உப்பும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். உப்பும் மண்ணுக்கு இடம் வைக்காமல் கட்டிய சுவர்தான் விரிசல் விடும். மணிக்கட்டிலோ இடம் வைத்துக் கட்டும் வாய்ப்பே இல்லை.

இரவில் ஏன் மிகுகிறது என்பதற்கும் விடை உண்டு. உறக்கத்தில் நாம் அறியாமலே மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம். மடங்கும்போது குகைக்குள் அழுத்தம் ஏறுகிறது. பகலெல்லாம் காலில் தங்கிய நீரும் படுக்கையில் உடலெங்கும் பரவுகிறது. அதனால்தான் விழிப்பு, அதனால்தான் உதறல்.

இந்த உதறல் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் புட்னம் என்னும் நரம்பியல் மருத்துவர் 1880-இல், இரவில் கை மரத்து எழும் நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டும் உதறியும் அவர்கள் ஆறுதல் தேடியதை அவர் பதிந்திருக்கிறார். காரணம் மணிக்கட்டில் இருக்கிறது என்று அன்று அவருக்குத் தெரியாது. 1913-இல் பிரான்சின் பியேர் மாரியும் ஷார்ல் ஃபுவாவும், கட்டைவிரல் மேடு வற்றிப்போய் இறந்த 80 வயதுக்காரர் ஒருவரின் கையை அறுத்துப் பார்த்தபோது, நடுநரம்பு அந்த நார்ப்பட்டைக்கு மேலே புடைத்தும் அதன் அடியில் மெலிந்தும் இருக்கக் கண்டார்கள். உடுக்கையின் இடுப்பைப் போல என்று நாம் சொல்லலாம். 1950-களில் ஜார்ஜ் ஃபேலன் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகே இந்நோய் மருத்துவர்களிடையே பரவலாக அறியப்பட்டது. கை மரத்த பெண்ணின் சொல் காது ஏறி, மணிக்கட்டு வரை வந்து சேர முக்கால் நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

ஃபேலன் பெயரால் வழங்கும் சோதனையைத்தான் அந்த இயன்முறை மருத்துவரும் செய்தார். நாம் கும்பிடும்போது உள்ளங்கைகள் சேர்ந்து விரல்கள் வானை நோக்கும். இச்சோதனையில் புறங்கைகள் சேர்ந்து விரல்கள் தரையை நோக்கும். ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். அக்கா மகள் அரை நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை; “வந்திருச்சு” என்று கையை எடுத்துவிட்டாள்.

அதன்பின் அவர் செய்தது நாம் எதிர்பாராதது. கையைத் தொட்டு நீவத் தொடங்குமுன் இரத்த அழுத்தம் பார்த்தார். தலைவலி உண்டா, கண் மங்குகிறதா, முகம் வீங்குகிறதா என்று கேட்டார். சிறுநீரில் புரதம் பார்த்த சீட்டையும் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டையும் வாங்கிப் படித்தார். கர்ப்பிணியின் கை திடீரென வீங்குவது சில நேரம் இரத்த அழுத்த நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கும். அது தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கொண்டுபோகவல்லது. அதற்கு மருந்து நீவுவது ஆகாது, உடனே மருத்துவமனை என்றார். நீரிழிவும் தைராய்டு குறைவும் இந்நோயோடு சேர்ந்து வருவதுண்டாம். எல்லாம் சரியாக இருப்பதைக் கண்ட பிறகே கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். வாசகர்களில் எவருக்கேனும் இக்கட்டுரையிலிருந்து ஒரே ஒரு செய்தி நினைவில் தங்குமானால், அது இந்த வரிசையாக இருக்கட்டும்: முதலில் அழுத்தமானி, பிறகு எண்ணெய்.

சிகிச்சை என்பது பார்வைக்கு மிக எளியது. நாற்காலியில் சாய்ந்து அமர்த்தினார். பேறுகாலம் நெருங்கும் பெண்ணை மல்லாக்கப் படுக்கவைத்தால் கருப்பையின் கனம் பெரிய இரத்தக் குழாய்களை அமுக்கும் என்பதால் அதைத் தவிர்த்தார். கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து, உள்ளங்கையிலிருந்து முழங்கை நோக்கி, இறகால் வருடுவதுபோல் தடவினார். தேங்கிய நீரை மேலே நகர்த்த அவ்வளவு மென்மை போதுமாம். பிறகு முன்னங்கைத் தசைகளைச் சற்று அழுத்திப் பிசைந்தார். அதன்பின் மணிக்கட்டை இரு கைகளாலும் பற்றி, பெருவிரல்களை நடுவே ஊன்றி, பிளந்த மாதுளையின் இரு பாதிகளை விலக்குவதுபோல் உள்ளங்கையின் இரு ஓரங்களையும் மெல்ல மெல்லப் புறம் திருப்பினார். அந்த நார்ப்பட்டை சிறிதேனும் தளர்வதற்காக. சிற்றெலும்புகளை ஒவ்வொன்றாக அசைத்துக் கொடுத்தார். கர்ப்பத்தில் உடலின் இணைப்பு நார்கள் தாமாகவே இளகியிருக்கும் என்பதால் வலிந்து இழுப்பதோ சொடக்கு எடுப்பதோ கூடாது என்றார்.

வீட்டில் செய்யவும் ஒரு வரிசை சொல்லிக் கொடுத்தார். முதலில் கையை மூடு, விரல்களை நீட்டு, மணிக்கட்டைப் பின்னே சாய், பெருவிரலை விரி, உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்பு. ஆசிரியர்கள் ஆத்திசூடி சொல்லிக்கொடுப்பதுபோல் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். குகைக்குள் நரம்பு ஒட்டிக்கொள்ளாமல் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்ல இது உதவுமாம். மரமரப்பு வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். இரவுக்கு மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டார். விலை நானூறோ ஐநூறோதான். கையில் மாட்டியதும் அக்கா மகள், “இதாம் மாமா எனக்கு நெசமான வளைகாப்பு” என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

மாத்திரை ஒன்று வாங்கிப் போட்டால் தீராதா என்று அக்கா கேட்டார். மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் ஐபுபுரோஃபன், டைக்ளோஃபினாக் வகை வலிமாத்திரைகளைக் கர்ப்பிணிகள் தாமாக விழுங்கக் கூடாது. 20-ஆம் வாரத்திற்குப் பிறகு அவை கருவிலுள்ள பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-இல் எச்சரித்தது. மருந்துக்கு வழி குறுகும் காலத்தில், கையால் செய்யும் இத்தகைய சிகிச்சைக்கு இயல்பாகவே மதிப்புக் கூடுகிறது.

அதற்காக இதை அற்புதமென்று சொல்லவும் மாட்டோம். உடற்பயிற்சியாலும் மூட்டசைவாலும் இந்நோய்க்குக் கிடைக்கும் பயன் பற்றிய ஆய்வுகளை 2012-இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தபோது, சான்று குறைவு, தரமும் போதாது என்றே முடித்தது. ஸ்பெயினில் 100 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கைச் சிகிச்சையும் மறுபிரிவுக்கு அறுவையும் செய்து ஒப்பிட்ட ஆய்வு 2017-இல் வெளிவந்தது. முதல் மாதத்தில் கைச் சிகிச்சை பெற்றோர் முன்னணியில் இருந்தனர்; ஓராண்டில் இரு பிரிவும் ஏறத்தாழச் சமநிலை எய்தின. ஊக்கமூட்டும் முடிவுதான்; ஆனால் அது கர்ப்பிணிகளைக் கொண்டு செய்த ஆய்வன்று. பிள்ளை சுமக்கும் பெண்ணின் மணிக்கட்டைப் பற்றி உலகம் இன்னும் போதிய அளவு விசாரிக்கவில்லை என்பதே உண்மை நிலை. பெத்தால் சரியாகிவிடும் என்று இருப்பதை ஆய்வாளன் மட்டும் எதற்கு மெனக்கெட்டு ஆராயப்போகிறான்?

அக்கா மகளுக்கு என்ன ஆயிற்று என்றால், வாரத்துக்கு இருமுறை என்று ஐந்து வாரம் போய்வந்தாள். மரமரப்பு முற்றாக அகலவில்லை. ஆனால் இரவில் மூன்று முறை எழுந்தவள் ஒரு முறை எழுந்தாள். சில இரவுகளில் எழவே இல்லை. பட்டையாலா, பயிற்சியாலா, நீவியதாலா, வேலைக்குப் போகாமல் ஓய்ந்திருந்ததாலா என்று பிரித்துச் சொல்ல யாராலும் இயலாது. உறங்கினாள் என்பது மட்டும் உறுதி. ஏழாம், எட்டாம் மாதங்களில் உறக்கம் என்பது எவ்வளவு பெரிய செல்வம் என்பதைத் தாய்மார்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

நான்காம் வாரம் ஒன்று நடந்தது. மகளின் கையைப் பிசைந்துகொண்டிருந்த இயன்முறை மருத்துவர், எதிரே அமர்ந்திருந்த அக்காவிடம், “அம்மா, உங்க கையக் கொஞ்சம் காட்டுங்க” என்றார். “எனக்கென்ன டாக்டரம்மா, ஒண்ணுமில்ல” என்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார் அக்கா. வற்புறுத்திய பின் நீட்டினார். மகளின் கையருகே தாயின் கை. மகளுக்குக் கட்டைவிரலின் அடியில் மேடாக இருந்த இடம் தாய்க்குப் பள்ளமாக இருந்தது. பெருவிரலையும் சுண்டுவிரலையும் ஒன்றோடொன்று தொடச் சொன்னார். தொட்டார், ஆனால் அழுத்தம் இல்லை. செருகிய காகிதத்தை நாமே எளிதாக உருவிவிட்டோம்.

“எத்தன வருசமா மரமரப்பு இருக்கு?” என்று கேட்டார் மருத்துவர்.

“இவ வயித்துல இருந்தப்ப வந்துச்சு. பெத்ததும் கொறஞ்சுச்சு. அப்பறம் போகும், வரும். இப்ப மரமரப்புகூட அவ்வளவாத் தெரியல” என்றார் அக்கா, அது குணமானதற்கு அடையாளம் என்பதுபோல்.

கணக்குப் போட்டால் இருபத்து நான்கு ஆண்டுகள். அக்காவின் வேலை வரலாறு நமக்குத் தெரியும். சிறுமியாக இருந்தபோது திண்ணையில் பெட்டி ஒட்டினார். மணமான பின் அடைப்புக்குப் போனார். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்து சிவகாசியில் ஊன்றிய தீப்பெட்டித் தொழில், சாத்தூர், கோவில்பட்டி என்று இம்மானாவாரிப் பூமியெங்கும் படர்ந்ததற்கு, மழை பொய்த்தாலும் ஓயாத பெண்களின் கைகளே பெருங்காரணம். இன்று குச்சி அடுக்கவும் மருந்தில் முக்கவும் எந்திரங்கள் வந்துவிட்டன. பாதி எந்திரமான ஆபீசுகளில் அடைப்பு மட்டும் இன்னும் பெண்களின் கையில்தான். அள்ளுவது, அடைப்பது, மூடுவது, மறுபடியும் அள்ளுவது. குச்சிகளை எண்ணுவதில்லை, கைப்பிடியே அளவு சொல்லும். பெருவிரலும் இரு விரல்களும் கிள்ளிப் பிடிக்கும் அதே பிடி, நாளெல்லாம். கூலி பெட்டிக் கணக்கில். கையை உதறி நிற்கும் நேரத்துக்குக் கணக்கில் இடமில்லை. அப்படி அடைத்த ஒரு தீப்பெட்டியின் சில்லறை விலை பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு 2021 டிசம்பர் 1-இல்தான் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆயிற்று. இவ்வளவு மலிவாக நம் அடுப்பு எரிய, யாரோ ஒருத்தியின் கட்டைவிரல் மேடு கரைந்திருக்கிறது.

“பெத்தா சரியாப் போகும்” என்னும் வாக்கியத்தின் மெய்ப்பொருள் அக்காவின் உள்ளங்கையில் எழுதியிருந்தது. பலருக்கு அது மெய்தான். பேற்றுக்குப் பின் நீர் வடிந்து கை தெளிகிறது. ஆனால் எல்லோருக்கும் அன்று. இத்தாலியின் லூக்கா பதுவா முதலியோர் 2010-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், கர்ப்பத்தில் இந்நோய் கண்டவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஓராண்டு கழித்தும், ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மூன்றாண்டு கழித்தும் ஏதோ ஓர் அளவில் அறிகுறிகள் எஞ்சியிருந்தன. வலி குறைவதெல்லாம் குணமாவதன்று. நரம்பு சோர்ந்து முறையிடுவதை நிறுத்திக்கொள்வதும் உண்டு. அக்காவுக்கு நரம்பின் ஓட்டத்தைச் சோதித்துப் பார்த்தபின், அறுவை செய்து பட்டையை விடுவித்தால் மேற்கொண்டு கெடாமல் தடுக்கலாம், வற்றிய தசை பழையபடி திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அக்கா இன்னும் முடிவெடுக்கவில்லை. “இனிமே இந்தக் கையால யாருக்கு அடைக்கப் போறேன் தம்பி” என்கிறார்.

நம் ஊர்ப் பெண்கள் இத்தனை காலமும் கைவைத்தியமே இல்லாமல் இருந்தார்களா என்றால், இல்லை. சுளுக்கு எடுப்பவர் உண்டு. எண்ணெய் காய்ச்சி நீவும் மருத்துவச்சிக் கிழவிகள் இருந்தார்கள். மெல்ல நீவும் கையின் இதத்தை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். ஆனால் ‘நரம்பு பிசகியிருக்கு’ என்று மணிக்கட்டை வெடுக்கென்று முறிப்பதும், ஏற்கெனவே நெருக்குண்ட இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பதும் தீங்கு. தெரிந்தவர் தொடுவதற்கும் தெரியாதவர் தொடுவதற்கும் உள்ள வேறுபாடு, எங்கே அழுத்தக் கூடாது என்று அறிந்திருப்பதில் இருக்கிறது.

தெரிந்தவர் கை எல்லோருக்கும் எட்டுகிறதா? தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியபோது, வீடு தேடிவரும் சேவைகளில் இயன்முறைச் சிகிச்சையும் ஒன்றாக அமைந்தது. படுக்கையில் விழுந்த முதியோர்க்கு அது பெரும் பேறு. கர்ப்பிணியின் கையும் அந்தப் பட்டியலின் கண்ணில் படவேண்டும் என்பது நம் ஆசை. சமுதாய வளைகாப்பு என்று அரசே கர்ப்பிணிகளைக் கூட்டி வளையல் அணிவிக்கிறது. அங்கு வரிசையில் வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் ‘ராத்திரி கை மரக்குதா, எந்த விரல்?’ என்று ஒரு கேள்வி கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? மகப்பேற்று விடுப்பு 2017-இல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 2018 முதல் 18,000 ரூபாய். இவை நல்லவை. ஆயினும் வீட்டுத் திண்ணையில் பெட்டிக் கணக்கில் கூலி வாங்குகிறவளுக்கு விடுப்பு எந்த ஏட்டில் இருக்கிறது? அவளுக்கு ஓய்வென்பது கூலி இழப்புக்கு மற்றொரு பெயர்.

அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு மாதத்தில் கை பெரிதும் தெளிந்தது. பால் கொடுக்கும்போது மணிக்கட்டை மடக்கிப் பிள்ளையின் தலையைத் தாங்காமல், முழங்கை மடிப்பில் ஏந்தி, அடியில் தலையணை வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், அப்படியே செய்கிறாள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் வந்து காட்டச் சொன்னதையும் மறக்கவில்லை. நாள்காட்டியில் தானே வட்டமிட்டு வைத்திருக்கிறாள். மறுபடியும் அடைப்புக்குப் போவாளா என்று கேட்டோம். “போகாம எப்படி மாமா? ஆனா மரத்துச்சுன்னா நிப்பாட்டிருவேன்” என்றாள். நிறுத்த முடியுமா என்பது அவள் கையில் மட்டும் இருக்கும் செய்தியன்று.

‘பெத்தா சரியாப் போகும்’ என்று ஆறுதல் சொல்வதை நாம் நிறுத்த வேண்டியதில்லை. அதைச் சொன்ன வாயாலேயே மேலும் இரண்டு கேள்விகளையும் கேட்கப் பழகலாம். அதுவரைக்கும் என்ன செய்வது? சரியாகாவிட்டால் யாரிடம் போவது? இவ்விரண்டையும் அக்காவிடம் இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் எவரேனும் கேட்டிருந்தால், அவர் பேத்தியின் சட்டைப் பொத்தானை இன்று தாமே மாட்டிவிடுவார்.